தாயார் பெயர் என்ற கட்டம்

1

இன்று இந்த நாட்டுக்கு ஒரு வயது நிறைந்தது. என் பாலர் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் எல்லாருமே நாட்டைவிட மூத்தவர்கள். மூக்கு ஒழுக, ஆளுக்கொரு காகிதக் கொடியைப் பிடித்துக்கொண்டு மலாக்காவின் காஜா பேராங்கிலிருந்து திடல் வரைக்கும் நடந்தார்கள். பாதி வழியில் இரண்டு பேர் அழுதார்கள். ஒருத்தன் கொடியில் பாதியைத் தின்றுவிட்டான். விழா என்ற அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நேற்று ஊரிலிருந்து தங்கை கடிதம் போட்டிருந்தாள். “கடல் தாண்டிப் போய்க் குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கிறாய் என்று இங்கே எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிறோம்” என்று எழுதியிருந்தாள். சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் நான் செய்கிற வேலையில் எழுத்தறிவிப்பது கால் பங்குகூட வராது. மீதி முக்கால் பங்கும் படிவம் நிரப்புவதுதான். அப்படி நிரப்பிய ஒரு படிவத்தைப் பற்றி அவளுக்கு எழுத உட்கார்ந்தேன். தங்கையிடம் தலை குனிய மனம் வரவில்லை. அதனால் ஊரில் இருக்கும் உங்கள் எல்லாருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

2

கோயிலுக்குப் பின்னால் ஓர் அறை. விழாக் காலத்து நாற்காலிகளும் ஓலைத் தட்டிகளும் கிடந்த இடம். போன வருடக் கடைசியில் எங்கள் வட்டாரச் சங்கத்தார் அதைக் காலி செய்து, “இருபத்தைந்து பிள்ளைகளைச் சேர்த்துக் காட்டுங்கள், பாலர் வகுப்பு நடத்தலாம். சேராவிட்டால் நாற்காலிகள் உள்ளே வந்துவிடும்” என்றார்கள். நான் ஊரில் எட்டாவது முடித்து, ஆசிரியைப் பயிற்சியைப் பாதியில் விட்டுக் கல்யாணமாகி வந்தவள். என் வீட்டுக்காரருக்குத் துணிக்கடையில் கணக்கு வேலை. பயிற்சியின் மீதிப் பாதியை இங்கே முடித்துவிடலாம் என்ற ஆசையில் கிளம்பிவிட்டேன்.

வீடு வீடாகப் போவது லேசான காரியம் இல்லை.

“அஞ்சு வயசுல என்னா டீச்சர் படிப்பு? ஓடியாடித் திரியட்டும்லா.”

“ஸ்கூல்ல சேக்கும்போது வாங்க. இப்ப தம்பியப் பாத்துக்க ஆள் வேணும்.”

சிலர் என் கையிலிருக்கும் தாளைப் பார்த்ததுமே கதவைச் சாத்தினார்கள். குடியுரிமை உண்டா என்று விசாரிக்க வந்தவள் என்று நினைத்தார்களாம். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த கையோடு எல்லாரும் தாளைக் கண்டாலே ஒதுங்கினார்கள்.

சம்மதித்த வீட்டிலும் படிவம் ஒரு பெரிய மலை. “பிறந்த நாள்?” என்று கேட்டால், “தோட்டத்துல கம்பி வேலி போட்ட வருசம், தீவாளிக்கு முன்ன” என்று பதில் வரும். பிறப்புப் பத்திரத்தை இங்கே எல்லாரும் சூராட் பெரானாக் என்பார்கள். அதைக் கேட்டால் பெட்டியைக் கவிழ்ப்பார்கள். ரேஷன் அட்டை வரும், அம்மை குத்திய சீட்டு வரும், மாமனாரின் கப்பல் டிக்கெட்கூட வந்தது. நான் பொறுமைசாலி இல்லை. இருந்தாலும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக் கொடுத்தேன். இருபத்து நாலு பேர் ஆனார்கள்.

இருபத்தைந்தாவது பெயர்தான் குப்பி.

3

கம்போங் செட்டி என்ற குடியிருப்பின் ஓரத்தில், ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் அஞ்சலையும் அவள் புருஷன் முனியாண்டியும் குடியிருக்கிறார்கள். முனியாண்டிக்குச் சாலை போடும் வேலை. முன்கட்டில் வீட்டுக்காரி மீனாட்சி அம்மாள். செட்டிச் சமூகத்துப் பெண், பிள்ளையில்லாத விதவை. அவர்கள் இங்கே பல தலைமுறைகளாக இருப்பவர்கள். சாமி பெயரெல்லாம் நம்முடையது, வாயில் வருவதெல்லாம் மலாய். தமிழ் அவர்களுக்குச் சாமிக்கு முன்னால் மட்டும்தான். அந்த அம்மாளை எல்லாரும் மாக் என்றுதான் கூப்பிடுவார்கள். மலாயில் அம்மா என்று பொருள்.

நான் போனபோது குப்பி முற்றத்தில் கோழிகளைத் துரத்திக்கொண்டிருந்தாள். அஞ்சலையின் அதே மூக்கு, அதே காது, கோபம் வந்தால் உதட்டை மடிக்கும் அதே பழக்கம்.

“தாயார் பேர் சொல்லு” என்றேன்.

“மாக் மீனாட்சி.”

“உன் பேரைக் கேக்குறேன் அஞ்சலை.”

“இது என் பிள்ள இல்லீங்க டீச்சர். மாக்கோட பிள்ள. நான் சும்மா வளக்குறேன்.”

அவள் சத்தமாகச் சொன்னாள், சுற்றி நிற்பவர்களுக்கும் கேட்க வேண்டும் என்பதுபோல. எனக்கு உடனே புரிந்துவிட்டது. தவிட்டுக்கு விற்ற பிள்ளை.

உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிள்ளை தங்காமல் போகிற வீட்டில் அடுத்து ஒன்று பிறந்தால், அதை முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைப்பது, வேறொருத்தி எடுத்துக்கொண்டு ஒரு கை தவிடு கொடுப்பது, “எனக்காக வளர்த்துக் கொடு” என்று பெற்றவளிடமே திரும்பக் கொடுப்பது. பிள்ளையைக் கொண்டுபோகப் பார்த்துக்கொண்டிருக்கும் எதுவோ ஏமாந்து போகும். பெயரும் குப்பை, பிச்சை என்று யாரும் ஆசைப்படாத பெயர். குப்பிக்கு முன்னால் அஞ்சலைக்கு மூன்று பிள்ளைகள் போயிருக்கின்றன. நாலாவதை மாக் தன் கோழித் தவிட்டில் ஒரு கொட்டாங்கச்சி கொடுத்து வாங்கியிருக்கிறார். ஏழு வயது நிறையும் வரை ‘என் பிள்ளை’ என்று வாயால் சொல்வதில்லை என்று அஞ்சலைக்கு நேர்த்தி. குப்பி அவளை அக்கா என்று கூப்பிடுவாள். மாக்கை மாக் என்பாள்.

“சூராட் இருக்கா?”

அஞ்சலை இல்லையென்று தலையாட்டினாள். “மூணுக்கும் பதிஞ்சோம் டீச்சர். மொத ரெண்டுக்கும் அவரு மழையில நனஞ்சுக்கிட்டே போய்ப் பதிஞ்சாரு. பதிஞ்சதெல்லாம் போச்சு. இதுக்குப் பதியல.”

இன்னும் ஒரு பெயர் சேர்ந்தால் அறை எனக்கு. ‘தாயார் பெயர்’ என்ற கட்டத்தில், என் அழகான கையெழுத்தில், தமிழிலும் ஆங்கில எழுத்திலும் மீனாட்சி என்று எழுதினேன். கீழே கையொப்பமிட்டுச் சங்கத்து முத்திரையையும் குத்தினேன்.

4

ஏன் அவ்வளவு துணிச்சலாக எழுதினேன் என்று பிறகு பல நாள் யோசித்தேன். என் தம்பியும் தவிட்டுக்கு விற்ற பிள்ளைதான். எதிர்வீட்டு வண்ணார அம்மாள் வாங்கினாள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் அப்பாவிடம் எதையும் கேட்கவில்லை. தம்பியின் தலையைத் தடவி, வலது கையால் இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டுவிட்டான், வயது ஐந்து. தாயார் பெயர் அவருக்கே தெரியும், எழுதிக்கொண்டார். அவரிடம் போய், “இவன் என் மகன் இல்லை” என்று அம்மா சொன்னபோது, “சரிதான், நான் கேட்கவே இல்லையே” என்று சிரித்தார்.

அங்கே தெருவே சாட்சி. யார் பெற்றாள், யார் வாங்கினாள் என்று எல்லாருக்கும் தெரியும் என்பதால்தான் அந்தப் பொய்யை அவ்வளவு பத்திரமாகச் சொல்ல முடிந்தது. இங்கே தெரு மாறிக்கொண்டே இருக்கிறது. குப்பியைப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி இறந்துவிட்டாள். அன்று முறத்தோடு நின்ற அண்டைவீட்டுக்காரர்கள் ரயில் ஏறி எங்கோ போய்விட்டார்கள். மிஞ்சியிருப்பது தாள் ஒன்றுதான், அதையும் நான் கெடுத்து வைத்தேன்.

5

வருகிற ஜனவரியில் முதல் வகுப்பு. அதற்கு இப்போதே பெயர் பதிய வேண்டும், பதிவுக்குச் சூராட் வேண்டும். என் பிள்ளைகளில் அது இல்லாதவர்கள் ஆறு பேர். ஒவ்வொரு குடும்பமாக அழைத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்கு நடந்தேன். ஐந்து பேருக்குச் சிக்கலில்லாமல் முடிந்தது. குப்பிக்கு முனியாண்டியும் நானும் போனோம். நேர்த்தி முடிய ஐந்தாறு மாதம் இருப்பதால் அஞ்சலை வர மறுத்துவிட்டாள்.

அங்கிருந்த அதிகாரி கண்ணாடி போட்ட மலாய்க்காரர், மரியாதையான மனிதர். காலம் கடந்து பதிவதென்றால் பிள்ளையைப் பற்றிய பழைய தாள் ஏதாவது வேண்டும் என்றார். உலகத்திலேயே குப்பியைப் பற்றி ஒரு தாள்தான் உண்டு. அதைப் பெருமையாக எடுத்து நீட்டினேன். நீட்டிய பிறகுதான் எனக்கே உறைத்தது.

அவர் படித்தார். பிறகு நிதானமாக, “இது உங்கள் கையொப்பமா, சேகு?” என்று கேட்டார். ஆசிரியரை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

“ஆமாம்.”

“இதன்படி பிள்ளை மீனாட்சி என்பவருடையது. நீங்கள் இப்போது வேறு பெயரைச் சொல்கிறீர்கள். எதை நான் நம்புவது?”

வழக்கத்தை விளக்கினேன். தவிடு, முறம், குப்பைமேடு. மலாயில் சொல்லச் சொல்ல அது பைத்தியக்காரத்தனமாக ஒலித்தது. அவர் சிரிக்கவில்லை. தங்கள் பக்கமும் நோஞ்சான் பிள்ளைக்குப் பெயர் மாற்றுவார்கள் என்றார். ஆனால் பெற்றவள் தானே வந்து, இது என் பிள்ளை என்று தம் முன்னால் சொல்லிக் கைநாட்டு வைக்க வேண்டும். தாளில் பெயருள்ளவர் வந்து, இல்லை என்று சொல்ல வேண்டும். “அல்லது தாளில் இருப்பதுதான் உண்மை என்றால், அந்த மீனாட்சி அம்மாளே வரட்டும். மலாக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். கேள்விகள் குறைவாக இருக்கும்” என்றார்.

வெளியே வந்ததும் முனியாண்டி சைக்கிளை உருட்டிக்கொண்டே பேசினான்.

“அப்பிடியே விட்டுருவோம் டீச்சர். தாளுலதானே? எனக்கும் அவளுக்கும் இந்த ஊருல என்னா பாத்தியத இருக்கு? நாளைக்கி நம்மளக் கப்பல் ஏறச் சொன்னா, பிள்ளையாவது மாக் பேருல இங்க நிக்கும்ல?”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. என் தவறு ஏழெட்டு மாதத்தில் ஒரு நல்ல யோசனையாக மாறி நின்றது. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

6

அந்த வாரம் என் மகன் தன் பள்ளிப் படிவத்தைத் தானே நிரப்பிக் கொண்டுவந்தான். ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறான், பதினொரு வயது. கையொப்பம் மட்டும் போட்டால் போதுமாம். தாயாரின் தொழில் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தான்.

“நான் வேலைக்குப் போறது உனக்குத் தெரியாதா?” என்றேன்.

“அது கோயில்ல குட்டிப் பிள்ளைங்களுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்குறதுதானேம்மா. அத எப்பிடி இங்கிலீஷ்ல எழுதுறது?”

கையொப்பம் போட்டுக் கொடுத்தேன். ஊரார் பிள்ளைகளின் கட்டங்களை எல்லாம் நிரப்பத் திரிகிறவளுக்கு இது வேண்டியதுதான்.

7

முடிவை அஞ்சலையிடம் விட்டேன். மாக்கிடமும் கேட்டேன். அவர் வெற்றிலையை மடித்தபடி, “அக்கு தா மிந்தா, தா தோலாக்” என்றார். நான் கேட்கவும் இல்லை, தள்ளவும் இல்லை என்று பொருள். பிறகு எழுந்து போய்க் குப்பிக்குச் சோறு பிசைந்தார். பிள்ளைக்கு எந்தக் கையால் உருட்டினால் பிடிக்கும் என்பதுவரை அவருக்குத் தெரியும்.

அஞ்சலை, “மாக் பேருலயே இருக்கட்டும் டீச்சர். உசுரோட இருந்தாப் போதும். என்னை அக்கான்னே கூப்புடட்டும்” என்றாள். எனக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து வகுப்பில் பிள்ளைகள் வீடு கட்டி விளையாடினார்கள். ஒருத்தி சமைத்தாள், ஒருத்தன் வேலைக்குப் போனான். குப்பி மூலையில் துணிப் பொம்மையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பெண் வந்து, “ஒன் பாப்பாவா?” என்று கேட்டது. குப்பி பொம்மையை இறுக்கி அணைத்துக்கொண்டு, “இல்ல, இது என் பிள்ள இல்ல” என்றாள். அவ்வளவு ஆசையாகச் சொன்னாள். அம்மாக்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவள் படித்துவைத்திருக்கிறாள்.

அன்று மத்தியானமே போய் அஞ்சலையிடம் அதைச் சொன்னேன். வேறெதுவும் சொல்லவில்லை. அவள் துவைத்துக்கொண்டிருந்த துணியைப் பிழிந்தாள், உதறினாள், மறுபடியும் பிழிந்தாள்.

“நாளைக்கிப் போவோம் டீச்சர்” என்றாள் கடைசியில்.

8

மறுநாள் நாலு பேர் போனோம். அஞ்சலை, மாக், குப்பி, நான். அதிகாரி குப்பியைக் காட்டி, “இது யார் பிள்ளை?” என்று மலாயில் கேட்டார்.

அஞ்சலைக்கு மேலுதடெல்லாம் வேர்த்துவிட்டது. வாயைத் திறந்தாள், மூடினாள். நேர்த்தி முடிய இன்னும் தை வரவேண்டும். பின்னால் வரிசையில் நின்றவர்கள் கனைத்தார்கள். பிறகு அவள் என் காதருகே குனிந்தாள்.

“மலாய்ல சொன்னாப் போதும்ல டீச்சர்?”

“அவருக்கு மலாய்தான் வேணும்.”

அவள் மேலே கூரையை ஒருமுறை பார்த்தாள். “நான் நம்ம பாஷையில சொல்லல, பாத்துக்க” என்றாள். அது என்னிடம் சொன்னதில்லை. பிறகு அதிகாரியைப் பார்த்து, தெளிவாக, “அனாக் சாயா” என்றாள். என் பிள்ளை.

அவளிடமிருந்து மூன்றைக் கொண்டுபோனது எதுவோ, அது நம் ஊரிலிருந்து கூடவே கப்பலேறி வந்தது, அதற்கு மலாய் தெரியாது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கும் அந்த நிமிடம் அந்த நம்பிக்கை வேண்டியிருந்தது.

அடுத்தது மாக்கின் முறை. ‘இது என் பிள்ளை அல்ல’ என்று அவர் சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து பேசுகிற மொழி, மூன்றே சொற்கள். குப்பி அவருடைய சாரோங்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

“சேகு, தமிழில் எப்படிச் சொல்வது?”

நான் சொல்லிக் கொடுத்தேன். என் வகுப்பில் ‘அ’ சொல்லிக் கொடுப்பதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். அவர் கண்ணை மூடி, சாமிக்கு முன்னால் நிற்பதுபோல நின்று, “என் பில்லை இல்லே” என்றார்.

என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார். மாக் மலாயில் சொல்லத் துணியாததை நான் மலாயில் சொன்னேன். படிவத்தில் அந்தப் பிள்ளையை அவருக்குக் கொடுத்தவளும் நான், வாயால் பறித்தவளும் நான்.

வீட்டுக்கு வந்ததும் அஞ்சலை ஒரு கொட்டாங்கச்சி நிறையத் தவிடு கொண்டுவந்து மாக்கிடம் நீட்டினாள். கொடுத்து மீட்பதுதான் முறை. மாக் வாங்கிக்கொண்டார். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று கோழிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்தார். தவிடு தீர்ந்த பிறகும் வெறும் கையை உதறிக்கொண்டே இருந்தார்.

9

சூராட் வந்துவிட்டது. குப்பிக்கு முதல் வகுப்பில் இடமும் கிடைத்தது. என் பதிவேட்டில் மீனாட்சி என்பதைக் கோடு போட்டு அடித்து, அஞ்சலை என்று எழுதினேன். கோட்டுக்குக் கீழே பழைய பெயர் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

காரியம் முடிந்தும் எனக்கு நிம்மதி இல்லை. தையை நினைத்தால் பயமாக இருக்கிறது. அஞ்சலை தினமும் மூன்று முறை வகுப்புச் சன்னலில் வந்து எட்டிப் பார்க்கிறாள். படித்தவள் நான் சிரிக்க வேண்டும். சிரிப்பதற்குப் பதில் பெயர் கூப்பிடும்போது குப்பியின் நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். அக்கா இல்லை, அம்மா என்று கூப்பிட வேண்டும் என்று அவளுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். “அப்ப மாக் யாரு?” என்று கேட்டாள். அதற்கு என்னிடம் கட்டம் இல்லை.

இன்று காலை ஊர்வலத்தில் குப்பி மூன்றாவது வரிசையில் நடந்தாள். திடலின் ஓரத்தில், கூட்டத்துக்கு நடுவே அஞ்சலையும் மாக்கும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அவர்களைக் கண்டதும் குப்பி கொடியை உயரத் தூக்கி, தொண்டை கிழிய, “அம்மா!” என்று கத்தினாள்.

அங்கே நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அஞ்சலையும் திரும்பினாள். இடம் வலம் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று எல்லாரையும்போல அவளும் தேடினாள்.

மாக்தான் அவள் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். “அனாக் காவ் பாங்கில்” என்றார். உன் பிள்ளை கூப்பிடுகிறாள்.

அஞ்சலை கையை உயர்த்தினாள். தோள் உயரத்துக்குத்தான், யாருக்கும் தெரியக்கூடாது என்பதுபோல.